ஒற்று மிகாத இடம்

இன்று காலை, கல்லூரியில் என் பழைய பொறுப்பை ஏற்றிருக்கும் நீங்கள் மூவரும் போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு என்னிடம் ஒன்று கேட்டீர்கள். "மேடம், பகுதி நாலு லிஸ்ட்ட நாளைக்கே அனுப்பச் சொல்றாங்க. பாதிப் பேரோட மார்க் ஷீட் இன்னும் வந்து சேரல. தாய்மொழிக் கட்டத்த வச்சே பிரிச்சிடலாங்களா?" கூடாது என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். சூடாகவே சொன்னேன் போலிருக்கிறது. ஏனென்றால் உங்களில் ஒருவர் அப்புறம் தனியாக மெசேஜ் அனுப்பி, "கோவமா மேடம்?" என்று கேட்டிருந்தார். கோபம்தான், ஆனால் உங்கள்மேல் இல்லை. அது பழைய கோபம். யார்மேல் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் விலங்கியல் ஆசிரியை என்பது உங்களுக்குத் தெரியும். கடைசிப் பதினோரு வருடம் பொதுப் பாடங்களுக்கும் ஒருங்கிணைப்பாளராக இருந்தேன் என்பதும் தெரியும். பொறுப்பு புதிது என்பதால் அடிப்படையிலிருந்தே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வரலாறு படிக்கிற பிள்ளை கொஞ்சம் உயிரியல் தெரிந்துகொள்ளட்டும், வேதியியல் படிக்கிற பிள்ளை கொஞ்சம் வரலாறு தெரிந்துகொள்ளட்டும் என்று யாரோ நல்ல மனதோடு வகுத்த ஏற்பாடுதான் இந்தப் பகுதி நான்கு. நடைமுறையில் அது எந்தத் துறைக்கும் செல்லப்பிள்ளை இல்லை. அதில் வாங்கும் மதிப்பெண் வகுப்புத் தரத்தில் சேராது. ஆனால் அதில் தேறாவிட்டால் பட்டம் கிடையாது. அதனால் மூன்று வருடம் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை, முடிவு வரும் நாளில் எல்லாரும் அதையே பார்க்கிறார்கள்.

அதில் ஒரு விதி உண்டு. பள்ளியில் தமிழே படிக்காமல் வந்த மாணவருக்கு அடிப்படைத் தமிழ் என்று இரண்டு தாள். அ, ஆவில் தொடங்கும். மற்ற எல்லாருக்கும் வேறு துறையிலிருந்து விருப்பப் பாடம் இரண்டு தாள், நாம் என்.எம்.இ. என்று சொல்கிறோமே அது. யாருக்கு எது என்று பிரிக்கும் வேலை என்னுடையது. என்னிடம் இரண்டு பென்சில்கள் இருந்தன. பச்சை டிக் போட்டால் அடிப்படைத் தமிழ். சிவப்பு என்றால் பிற துறைப் பாடம்.

இந்த வேலையில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. அது எப்படி வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு வருடம் என்.எம்.இ. வகுப்புகளை வெள்ளிக்கிழமை கடைசி மணியில் போட்டேன். எல்லாத் துறைக்கும் ஒத்துவந்த ஒரே நேரம் அதுதான். அட்டவணையைப் பெரிய சார்ட்டில் எழுதி ஆசிரியர் அறைச் சுவரில் ஒட்டி, தூரத்தில் நின்று ரசித்துப் பார்த்தேன். இரண்டாவது வாரமே பாதி வகுப்பு காலி. கேட்டால் பாப்பாரப்பட்டிப் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் ஓடிவிட்டார்கள் என்றார்கள். திங்கட்கிழமை அவர்களை வரிசையாக நிற்கவைத்து வாங்கு வாங்கு என்று வாங்கினேன். ஒரு பெண் மட்டும் வாய் திறந்தாள். "அந்த பஸ்ஸ வுட்டா அடுத்தது ரொம்ப நேரம் கழிச்சுத்தானுங்க மேம். அதுவும் ஊருக்குள்ள வராதுங்க, ரோட்டுலயே எறக்கி வுட்டுடும்."

"அதுக்கு? பஸ்ஸுக்குத் தகுந்த மாதிரி யுனிவர்சிட்டிய மாத்தச் சொல்றியா?" என்றேன்.

அந்தப் பருவம் முழுக்க அட்டவணையை மாற்றவில்லை. அடுத்த பருவத்தில் மாற்றினேன், அதுவும் வருகைப் பதிவேட்டைப் பார்த்து முதல்வர் சத்தம் போட்ட பிறகு. அப்போதுதான் ஆசிரியர் அறையில் அந்த வாசகம் பிறந்தது: மேடம் போட்டா போட்டதுதான். கிண்டலாகத்தான் சொன்னார்கள். நான் அதைப் பதக்கம் மாதிரி வாங்கிக் குத்திக்கொண்டேன். அது ஆசிரியர் அறையிலிருந்து மாணவர்களிடம் இறங்கி, சீனியரிடமிருந்து ஜூனியருக்குப் போய்க்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பெண்ணின் பெயரை மஞ்சுளா என்று வைத்துக்கொள்வோம், உண்மைப் பெயர் அவளிடமே இருக்கட்டும். பி.ஏ. வரலாறு. பாப்பாரப்பட்டியைத் தாண்டி உள்ளே ஒரு கிராமம். வீட்டில் கொஞ்சம் மல்பெரி, பட்டுப்புழு வளர்ப்பு.

அந்த வருடமும் இப்போது உங்களுக்குப் போலத்தான், மறுநாள் பட்டியல் போக வேண்டும் என்று அவசரம். விண்ணப்பங்களை மேசையில் குவித்துவைத்து, ஒவ்வொன்றிலும் பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலைப் பார்த்து, பதிவேட்டில் டிக் போட்டுக்கொண்டே வந்தேன். தமிழ் படித்தவரா இல்லையா என்பதை மதிப்பெண் பட்டியல் ஒரே பார்வையில் சொல்லிவிடும். மஞ்சுளாவின் விண்ணப்பத்தில் அந்த நகல் இல்லை. உதவித்தொகை மனுவோடு சேர்த்துப் பின் அடித்து வேறு கட்டுக்குப் போய்விட்டிருந்தது என்று பிற்பாடு தெரிந்தது. நகல் இல்லாததால் என் கண் கீழே இறங்கி, தாய்மொழி என்ற கட்டத்தில் நின்றது. தெலுங்கு என்று இருந்தது. பச்சைப் பென்சிலை எடுத்து டிக் போட்டேன். அடுத்த விண்ணப்பத்துக்குப் போய்விட்டேன்.

நம் மாவட்டத்தில் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசிவிட்டு வெளியே வந்து தமிழில் படிக்கிற பிள்ளைகள் எத்தனை பேர்! எனக்குத் தெரியாதா? என் வகுப்பிலேயே வருடத்துக்குப் பத்துப் பேராவது இருப்பார்கள். தெரிந்த விஷயத்தை அந்த ஒரு நிமிடம் மறந்தேன். சந்தேகம் வராமலும் இல்லை. வரலாற்றுத் துறை மாடியில்தான் இருந்தது. ஏறிப்போய், "ஏம்மா, ஸ்கூல்ல தமிழ் படிச்சியா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தீர்ந்தது. முட்டி வலி என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். உண்மையில் அன்று முட்டி வலிக்கவில்லை.

அந்த வருடம் அடிப்படைத் தமிழ் வகுப்பில் மொத்தம் ஏழு பேர். பெங்களூரில் படித்துவிட்டுச் சொந்த ஊருக்குத் திரும்பியவர்கள் சிலர், எல்லைக்கு அந்தப் பக்கம் கன்னட வழியில் படித்தவர்கள் சிலர், வடக்கேயிருந்து வேலைக்கு வந்த குடும்பத்துப் பெண் ஒருத்தி. ஏழாவது ஆள் மஞ்சுளா. இதில் கூத்து என்னவென்றால், பள்ளியில் தமிழ் படித்த எல்லா மாணவர்களையும் போல் அவள் காலையில் மொழிப்பாடத் தமிழும் படித்துக்கொண்டிருந்தாள். காலையில் செய்யுளைச் சீர் பிரித்துப் பொருள் சொல்லுவாள். மதியம் பக்கத்து அறையில் உட்கார்ந்து அம்மா, ஆடு, இலை என்று எழுதுவாள். இரண்டு வகுப்புக்கும் இரண்டு பதிவேடு, இரண்டு ஆசிரியர். இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டிய ஒரே ஆள் நான்.

அடிப்படைத் தமிழ் எடுத்தவர் ஒரு கௌரவ விரிவுரையாளர். சின்ன வயசு, அதிர்ந்து பேசமாட்டார். ஒருநாள் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றார்.

"மேடம், அந்த ஹிஸ்டரிப் பொண்ணுக்கு இந்த கிளாஸ் தேவையில்லீங்க. ரொம்ப நல்லா எழுதுதுங்க."

"நல்லா எழுதுனா நல்ல மார்க் போடுங்க சார். லிஸ்ட் போயாச்சு."

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு போய்விட்டார். அதன்பிறகு அவளையே மற்ற ஆறு பேருக்கும் எழுத்து சொல்லிக்கொடுக்க வைத்திருக்கிறார். அவரால் செய்ய முடிந்த நியாயம் அவ்வளவுதான். அடுத்த வருடம் வேறு கல்லூரிக்குப் போய்விட்டார். இன்று அவரை எங்காவது பார்த்தால் மன்னிப்புக் கேட்பேன். உங்களிடம் இப்படி ஒருவர் வந்து வாசலில் நின்றால், தயவுசெய்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லுங்கள்.

மூன்றாம் வருட முடிவு வந்த அன்று மஞ்சுளா விலங்கியல் துறைக்கு வந்தாள். அதுவரை அவளோடு நான் பேசியதே இல்லை. கையில் போனை வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

"எல்லாப் பேப்பரும் பாசுங்க மேம். ஆனா கீழ ரிசல்ட்ட நிறுத்தி வச்சிருக்கறதா வருதுங்க. ஆபீஸ்ல கேட்டா பகுதி நாலுன்னு சொல்லி உங்களப் பாக்கச் சொன்னாங்க."

"எவ்ளோ அவசரம்?"

"பி.எட். அப்ளிகேஷன் போடணுங்க மேம். புரொவிஷனல் சர்டிபிகேட் இல்லாம வாங்க மாட்டாங்களாம். இந்த வருஷம் மட்டும்னு சொல்லித்தான் எங்கப்பாவ சம்மதிக்க வச்சிருக்கேன். இத வுட்டா மறுபடி ஒத்துக்க மாட்டாருங்க."

உட்காரச் சொல்லிவிட்டுப் பழைய பதிவேட்டை எடுத்தேன். அவள் பெயருக்கு நேராகப் பச்சை டிக். என் பென்சில், என் கை. கல்லூரி அலுவலகக் கண்காணிப்பாளர் மதிப்பெண் நகலைத் தேடி எடுத்து அனுப்பினார். மொழி: தமிழ். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் படித்தவருக்கு அடிப்படைத் தமிழ் செல்லாது என்று பல்கலைக்கழகம் அந்த இரண்டு தாளையும் தள்ளியிருந்தது. ஆக, அவள் கணக்கில் இரண்டு தாள் எழுதவே இல்லை. அடுத்த வழக்கமான தேர்வு நவம்பரில்.

குற்றம் செய்தவருக்கு முதலில் வருவது கோபம்தான். எனக்கும் வந்தது. "ஏம்மா, ஒரு வருஷம் பூரா அ, ஆ எழுதிட்டு இருந்திருக்க. ஒரு வார்த்த வந்து சொல்லக்கூடாதா?"

"மேடம் போட்டா போட்டதுதான்னு சீனியருங்க சொன்னாங்க மேம்."

அவள் போனைக் கைக்குள் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தாள்.

"அதுவும் இல்லாம, எங்க வூட்ல தெலுங்குதானுங்க மேம். அதனால என் தமிழு சுத்தமா இல்லன்னு நீங்க கண்டுபுடிச்சிட்டீங்கன்னு நெனச்சேன். சரி, கத்துக்குவோம்னு உக்காந்துட்டேன்."

"பிளஸ் டூல தமிழ்ல எப்படி?"

"ஸ்கூல் ஃபர்ஸ்ட்டுங்க மேம்."

பெருமையாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதிலாகத்தான் சொன்னாள். பள்ளியில் முதலாவதாக வந்த பெண், என் ஒரு டிக்கைப் பார்த்து, தனக்குத் தமிழ் வராது என்று நம்பியிருக்கிறாள். என் முப்பத்திரண்டு வருட வேலையில் யாரும் என்னை இவ்வளவு முழுசாக நம்பியதில்லை. அதைப்போல ஒரு அவமானமும் எனக்கு நேர்ந்ததில்லை.

இனி வருவதைச் சொல்லாமல் விட்டுவிடலாம். விட்டால் என் கௌரவம் தப்பிக்கும், உங்களுக்குப் பிரயோசனம் இருக்காது.

எங்கள் அலுவலகக் கண்காணிப்பாளர் நல்ல மனிதர். எத்தனையோ பேருடைய சிக்கலைச் சத்தமில்லாமல் அவிழ்த்துவிட்டவர். மறுநாள் காலை என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"மேடம், ரெண்டு வழி இருக்குங்க. காலேஜ் தப்புன்னு எழுதுனா விளக்கம் கேப்பாங்க, கமிட்டி வப்பாங்க, உங்களுக்கு மெமோ வரும். நீங்க ரிடையர் ஆக எட்டு மாசந்தான் இருக்கு. அந்தப் பொண்ணே தெரியாம தப்பா சொல்லிட்டேன்னு ஒரு லெட்டர் குடுத்துடுச்சின்னா, மாணவிதானேன்னு மன்னிச்சு சீக்கிரமா ஏதாவது வழி பண்ணிடுவாங்க. பொண்ணுக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது. யாருக்கும் நஷ்டமில்ல."

அவர் சொன்னதில் பெரும்பகுதி உண்மை. மாணவியின் மன்னிப்புக் கடிதம் வேகமாக நகரும், கல்லூரியின் தவறு மெதுவாக நகரும். வேகம்தானே அவளுக்கு வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவளுக்காகத்தான் செய்கிறேன் என்று மனது எவ்வளவு சீக்கிரம் ஒரு காரணத்தைத் தயார் செய்கிறது பாருங்கள். "சரி, டைப் பண்ணுங்க," என்றேன். ஆமாம், நான்தான் சொன்னேன்.

மதியம் மஞ்சுளா வந்தாள். கண்காணிப்பாளர் கடிதத்தை மேசைமேல் வைத்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினார். அவள் பேனாவை எடுத்துவிட்டாள். எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை. நான் போட்டதுதான் போட்டது என்று இன்னமும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"படிச்சுப் பாத்துட்டுப் போடு," என்றேன். நல்லெண்ணத்தில் சொன்னேன் என்று நினைக்காதீர்கள். ஆசிரியர் வாயில் பழக்கத்தில் வருகிற வார்த்தை அது.

அவள் வாய்விட்டே படித்தாள். வகுப்பில் எழுந்து நின்று படிக்கிற மாதிரி நிறுத்தி, தெளிவாக. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் பயின்றதைத் தெரிவிக்காமல், என்று வந்த இடத்தில் குரல் கொஞ்சம் இறங்கியது. ஆனாலும் நிற்கவில்லை. அடுத்த வரியில் நின்றாள்.

"மேம், இங்க ஒரு எழுத்து..."

"என்ன?"

"'தவறானத் தகவல் அளித்தமைக்கு'ன்னு இருக்குங்க. நடுவுல த் வராதுங்க மேம். பெயரெச்சத்துக்குப் பின்னாடி ஒற்று மிகாது. தவறான தகவல்னுதான் வரணும்." சொல்லிவிட்டுச் சட்டென்று பயந்துபோனாள். "சாரிங்க மேம். அத மட்டும் திருத்திட்டுக் கையெழுத்துப் போடட்டுங்களா?"

அடிப்படைத் தமிழ் படித்த மாணவி, தான் செய்யாத தவறை ஒப்புக்கொள்ளும் கடிதத்தில், எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாத இலக்கணப் பிழையைத் திருத்தித் தரட்டுமா என்று கேட்கிறாள். சிரிப்பு வந்தது. சிரிக்க வாய் திறந்தால் அழுகையாக வந்துவிட்டது. சேலை முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது கண்காணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"மேடம், இத நான் கிழிச்சிடட்டுங்களா?" என்றார்.

"கிழிங்க."

ஒரு வெள்ளைத் தாள் வாங்கி என் கையாலேயே எழுதினேன். விண்ணப்பத்தைச் சரிபார்க்காமல் தாய்மொழியை மட்டும் வைத்துப் பிரித்தேன், ஆசிரியர் ஒருவர் எடுத்துச் சொன்ன பிறகும் திருத்தவில்லை, இத்தவறு முழுவதும் என்னுடையது, மாணவிக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. எழுதி முடித்து அவளிடம் நீட்டினேன்.

"ஒற்றெல்லாம் சரியா இருக்கான்னு பாத்துக் குடு."

அவள் படித்தாள். இந்தத் தடவை வாய்விட்டுப் படிக்கவில்லை. ஒரு வரியில் விரலை வைத்தாள்.

"'மாணவியை பிற துறை'ன்னு எழுதியிருக்கீங்க மேம். அங்க ப் வரணுங்க. மாணவியைப் பிற துறை."

"அங்க மட்டும் வரணுமா? இது என்னடி கூத்து!"

"ஐ உருபு வந்தா மிகும் மேம்." பிறகு மெதுவாக, "மேம், இது வேணாங்க. உங்களுக்குப் பிரச்சன வரும்னு ஆபீஸ்ல பேசிக்கிட்டாங்க. நான் அதுலயே போட்டுடறேன்," என்றாள்.

"உன்ன எழுத்துதான் பாக்கச் சொன்னேன். விஷயத்தப் பாக்கச் சொல்லல."

ப் சேர்த்தேன். கையெழுத்துப் போட்டேன். முதல்வர் படித்துவிட்டு என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார், ஒன்றும் கேட்காமல் மேலொப்பம் இட்டார். மறுநாள் நானே பஸ் ஏறிப் பல்கலைக்கழகம் போனேன்.

அங்கே தேர்வுப் பிரிவில் ஒரு அதிகாரி கடிதத்தை இரண்டு தடவை படித்தார். "மாணவியோட லெட்டர் எங்கங்க?" என்றார். "அந்தப் பொண்ணு எழுத வேண்டியது ஒண்ணும் இல்லீங்க சார். தப்புப் பண்ணவங்க எழுதியிருக்கோம்," என்றேன். பொதுவாக இப்படி வருவதில்லையே என்று தனக்குள் சொல்லிக்கொண்டு உள்ளே போனார். ஒன்றரை மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அந்த ஒன்றரை மணி நேரமும் என் மனதில் மெமோ வரவில்லை, அவள் அப்பாதான் வந்துகொண்டிருந்தார். நான் பார்த்தே இராத அந்த மனிதர் சரி, போதும், படித்தது போதும் என்று சொல்வது மாதிரியே இருந்தது. அதிகாரி திரும்பி வந்தார். பழைய தாள்களைச் செல்லும் என்று ஆக்க முடியாது, ஆனால் ஒரு தாளில் தவறியவர்களுக்கு என்று நடக்க இருந்த துணைத் தேர்வில் அவள் இரண்டு பிற துறைத் தாள்களையும் எழுதலாம், கல்லூரி பாடம் நடத்திச் சான்று தர வேண்டும் என்றார். பத்தொன்பது நாள் இருந்தது. யார் நடத்துவார்கள் என்று கேட்டார். நான்தான் என்றேன்.

எங்கள் துறை தருகிற பிற துறைப் பாடம் எது தெரியுமா? முதல் தாள் பட்டுப்புழு வளர்ப்பு, இரண்டாவது தேனீ வளர்ப்பு. பட்டுப்புழு வீட்டிலேயே பிறந்து வளர்ந்த பெண்ணுக்கு நான் பட்டுப்புழு பாடம் நடத்தினேன்! புத்தகத்தைப் பார்த்து நான் சொல்லுவேன், அவள் தலையாட்டுவாள், பிறகு தயங்கித் தயங்கி, "எங்க வூட்ல அப்படிச் செய்ய மாட்டாங்க மேம்," என்பாள். வெயில் காலத்தில் புழுத் தட்டை எப்படி ஈரமாக வைப்பது, நோய் வந்த புழுவை எப்படிப் பார்த்தவுடன் கண்டுபிடிப்பது எல்லாம் எனக்குச் சொல்லித் தந்தது அவள்தான். நான் முனைவர் பட்டம் வாங்கியவள் என்பதை அந்தப் பத்தொன்பது நாளும் ஓரமாக வைத்துவிட்டேன்.

ஒருநாள், கூடு கட்டப்போகும் கடைசிப் பருவப் புழுக்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். "அப்ப எல தின்ற சத்தம் வூடு பூரா கேக்கும் மேம், மழ தூறுற மாதிரி. புஸ்தகத்துல அது இல்லீங்களே," என்றாள்.

"உங்கம்மா அத எப்படிச் சொல்வாங்க?"

தயங்கினாள். வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு தெலுங்கில் சொன்னாள். மூன்று வருடத்தில் கல்லூரிக்குள் அவள் தெலுங்கு பேசியது அதுதான் முதல் தடவையாம். நான் அதைத் திருப்பிச் சொல்ல முயன்று சொதப்பினேன். அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், பிறகு கையை எடுத்துவிட்டுச் சிரித்தாள். "இப்ப தெரியுதா, அடிப்படைத் தெலுங்குல யார உக்கார வைக்கணும்னு?" என்றேன். அன்றுதான் எங்களுக்குள் இருந்த பயம் போயிற்று. அவளுக்கு என்மேல் இருந்த பயம் மட்டும் இல்லை, எனக்கு அவள்மேல் இருந்ததும்தான்.

தேர்வு எழுதினாள், இரண்டிலும் தேறினாள். எனக்கு மெமோ வந்தது. விளக்கம் எழுதினேன், கண்டிப்பு என்று ஒரு வரி பணிப்பதிவேட்டில் ஏறியது. ஓய்வு பெற்றபோது என் கோப்பு கொஞ்சம் தாமதமாக நகர்ந்தது. அவ்வளவுதான். அந்த ஒரு வரியை மறைக்க ஒரு பெண்ணைப் பொய்க் கையெழுத்துப் போட வைக்க இருந்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. "கோவமா மேடம்?" என்று கேட்டீர்களே, கோபம் இந்த ஆள்மேல்தான்.

உங்களுக்கு அதிகமாக ஒன்றும் சொல்லப் போவதில்லை. விண்ணப்பத்தில் அந்தக் கட்டம் இருக்கும், அதை நீக்க நம்மால் ஆகாது. மதிப்பெண் பட்டியல் வராத பிள்ளைகளின் பெயரை ஒரு தாளில் எழுதிக்கொண்டு மாடி ஏறிப் போங்கள். மூன்று பேர் இருக்கிறீர்கள், பிரித்துக்கொண்டு போனால் ஒரு மதியம்தான். பட்டியல் ஒருநாள் தாமதமாகப் போனால் மேலே இருப்பவர்கள் திட்டுவார்கள். திட்டட்டும்.

மஞ்சுளா புரொவிஷனல் சர்டிபிகேட்டை வாங்கிய கையோடு பி.எட். விண்ணப்பத்தையும் எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தாள். கடைசி நாளுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. எதிரில் உட்கார்ந்து நிரப்பினாள். பெயர், ஊர், பிறந்த நாள் என்று கடகடவென்று போய்க்கொண்டிருந்த பேனா ஒரு இடத்தில் நின்றது. எட்டிப் பார்த்தேன். தாய்மொழி.

"மேம், இதுல தமிழ்னே போட்டுடட்டுங்களா? மறுபடி எதுக்கு வம்பு?"

கேள்வி சாதாரணமாகத்தான் வந்தது. எனக்குத்தான் சுருக்கென்று இருந்தது. நான் போட்ட ஒரு டிக்குக்குப் பயந்து, இந்தப் பெண் தன் அம்மா பேசுகிற மொழியை ஒளித்துவைக்கலாமா என்று என்னிடமே கேட்கிறாள்.

"உங்க வூட்ல என்ன பேசுறீங்க?"

"தெலுங்குதானுங்க."

"அப்ப அதையே எழுது கண்ணு. வம்பு அந்தக் கட்டத்துல இல்ல, அதப் படிச்ச ஆளுகிட்ட இருந்துச்சு."

அவள் குனிந்து எழுதினாள். தெலுங்கு. குண்டு குண்டாக, கொம்பும் சுழியும் அளவெடுத்த மாதிரி, தமிழில் எழுதியிருந்தாள்.

அவள் போன பிறகு எனக்கு ஒரு சந்தேகம். எழுந்து அலுவலகத்துக்குப் போய், மூன்று வருடத்துக்கு முன்பு அவள் கல்லூரியில் சேரக் கொடுத்த, நான் பார்த்து டிக் போட்ட விண்ணப்பத்தைத் தேடி எடுத்துப் பார்த்தேன். அன்றும் அந்தக் கட்டத்தில் தெலுங்கு என்று தமிழில்தான் எழுதியிருந்தாள். அதே குண்டு எழுத்து, அதே சுழி.